தாபோடித் திருடர்கள்

முதலில் இந்த நாற்காலிக்கு நன்றி. என் முட்டிவலியை நினைவில் வைத்துக்கொண்டு, கை வைத்த நாற்காலியாகத் தேடிப் போட்டிருக்கிறீர்கள். நான் தலைவராக இருந்தபோது விசாரணைக்கு வந்தவர்களை நிற்கவைத்துத்தான் பேசுவோம். நின்றால் ஆட்கள் சுருக்கமாகப் பேசுவார்கள். நீங்கள் உட்காரவைத்துவிட்டீர்கள். நான் கொஞ்சம் விரிவாகப் பேசினால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

கேள்வி கேட்டு எழுதிக்கொள்பவர் ஜம்புநாதன் சார். எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடி, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கட்கியின் சார்பில் வந்திருக்கிறார். ஆற்றுக்கு அக்கரையான தாபோடியின் சார்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ரியா, என் மனைவியின் தம்பி மகள். இறந்துபோன வேதமணியின் மகளையே விசாரணைக் குழுவில் வைப்பது முறையல்ல என்று நான் ஆட்சேபம் சொல்லலாம். சொல்லப்போவதில்லை. சின்ன விஷயங்களில் எனக்கு எப்போதுமே பெருந்தன்மை உண்டு.

என் பெயர் சுவிசேஷமுத்து. அப்பாவுக்கு நாசரேத் பக்கம் ஊர். தொழிற்சாலை வேலைக்காக இந்த மராத்திச் சீமைக்கு வந்தவர் கட்கியிலேயே தங்கிவிட்டார். நான் பிறந்தது, படித்தது, ஓர் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றது எல்லாம் இங்கேதான். பெரிய நிறுத்தம் வந்த வருடம் நான் எங்கள் ஹவுசிங் சொசைட்டியின் செயலாளராக இருந்தேன்.

நிறுத்தத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் நின்றது, போன் நின்றது, பெட்ரோல் நின்றது. கடைசியில் சம்பளமும் நின்றதும், அதிகாரம் எங்களிடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சொந்த ஊர்களுக்கு நடையைக் கட்டினார்கள். கட்கியில் மிச்சமிருந்த ஒரே அரசாங்கம் எங்கள் சொசைட்டி கமிட்டிதான். வண்டி நிறுத்துவதில் தகராறு, மொட்டைமாடியில் துணி காயப்போடுவதில் தகராறு, யார் வீட்டு நாய் யார் வாசலில் என்ன செய்தது என்ற தகராறு, இவற்றையெல்லாம் வருடக்கணக்காகத் தீர்த்துவைத்தவன் நான். நாகரிகம் அழிந்த பிறகு ஓர் ஊரை ஆள்வதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. அழிவதற்கு முன்னாலும் இதுதான் தேவைப்பட்டிருக்கும். அப்போது யாரும் என்னைக் கேட்கவில்லை.

பக்கத்துக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக எங்களோடு சேர்ந்தன. பிறகு தெருக்கள் சேர்ந்தன. கமிட்டி என்பது நிர்வாகம் ஆயிற்று, செயலாளர் என்பவர் தலைவர் ஆனார். நான் எதையும் பிடுங்கிக்கொள்ளவில்லை. ஜம்புநாதன் சார், என்னைத் தலைவராக்கிய கூட்டத்தில் முதலில் கை தூக்கியது நீங்கள்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் வேதமணியைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் கோழியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

கார்கள் ஓடாமல் போனதும் எங்கள் பார்க்கிங்கில் கோழி வளர்த்தோம். பொதுக் கோழிகள். முட்டை குழந்தைகளுக்கு மட்டும். ஒரு கோடைக்காலத்துக் காலையில் பார்த்தால் இரண்டு கோழிகளைக் காணோம். தரையெல்லாம் இறகு, ரத்தம், நாயின் கால்தடம். கண் உள்ள யாருக்கும் தெரியும், நாயின் வேலை என்று. ஆனால் பசியில் இருக்கிறவர்களுக்கு நாயோடு சண்டை போட்டுத் திருப்தி வராது. ஏ பிளாக்காரர்கள் பி பிளாக் தின்றுவிட்டது என்றார்கள். பி பிளாக்காரர்கள் பதிலுக்குத் தண்ணீர்ப் பங்கீட்டை இழுத்தார்கள். கிணற்றிலிருந்து இறைத்துத் தொட்டியில் ஊற்றும் தண்ணீரில் யார் எத்தனை வாளி அதிகம் எடுத்தார்கள் என்ற பழைய கதை. வாளியாலேயே ஒருவர் மண்டையை ஒருவர் உடைக்கும் நிலைமை.

நான் படியில் நின்றுகொண்டிருந்தேன். திட்டம் எதுவும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "பாலத்துப் பக்கம் தாபோடி ஆட்கள் நடமாடுவதாகக் கேள்விப்பட்டேன்."

சத்தம் அப்படியே நின்றது. குழாயை மூடியதுபோல் நின்றது.

கந்தசாமிதான் முதலில் பேசினார். கந்தசாமி யார் என்று ரியாவுக்காகச் சொல்கிறேன். ஒரு வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர். வங்கி மூடிய பிறகு துப்பாக்கியைத் திருப்பி வாங்க ஆள் வராததால் அவரே வைத்திருந்தார். அவருடைய சர்வீஸ் முழுவதிலும் அது ஒருமுறைகூட வெடித்ததில்லை.

"பக்காவா தாபோடி ஆளுங்கதானா சார்?"

"பக்கா," என்றேன்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்திருந்த இரண்டு பேர், ஒரே கம்பியை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு பாலத்தை அடைக்கப் போனார்கள். அன்று மாலை தண்ணீர் வரிசை எவ்வளவு ஒழுங்காக நின்றது என்று நீங்களே பார்த்தீர்கள் சார். வயதானவர்களை முன்னால் விட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனிதர்கள் அடிப்படையில் நல்லவர்கள். அதை வெளியே கொண்டுவர ஒரு தாபோடி தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். நன்றாகத் தெரியும். ராணுவப் பொறியியல் கல்லூரியில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள், ஆலைத் தொழிலாளிகள், பாதிப் பேர் எங்களைப்போலத் தமிழர்கள். அவர்களில் ஒருவர் என் மச்சினன் வேதமணி. கெமிஸ்ட்ரி வாத்தியார். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நிறுத்தத்துக்குப் பிறகும் முதல் சில மாதங்கள் நடந்தே வந்துபோய்க்கொண்டிருந்தார். பாலத்தில் காவல் போட்ட பிறகு அது சரிப்படாது அல்லவா. எதிரி நாட்டிலிருந்து ஞாயிறுதோறும் ஒருவர் வந்து மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள். அதனால் ஜோசபினிடம், அதாவது என் மனைவியிடம், தம்பி குடும்பத்தோடு தூரத்தில் இருக்கிற நிக்டிக்குப் போய்விட்டதாகத் தகவல் வந்தது என்று சொன்னேன். அழுதாள். நிக்டி பாதுகாப்பான இடம் என்று ஆறுதலும் சொன்னேன்.

பயம் என்பது கெட்டுப்போகும் பொருள். பால் மாதிரி. ஒரு மாதம் தாபோடிக்காரர்கள் எதையும் திருடவில்லை என்றால் எங்கள் ஆட்கள் காவலுக்கு வர முனகுவார்கள். தண்ணீர் வரிசையில் பழைய கதை ஆரம்பிக்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் பொதுப் பிரார்த்தனையில் இருக்கும்போது நான் தலைவலி என்று சொல்லிப் பாதியில் கிளம்பிவந்து தாபோடிக்காரர்களின் வேலையை நானே செய்தேன். ஒரு தடவை தொட்டியின் குழாயை உடைத்தேன். ஒரு தடவை கோதுமை மூட்டையைக் கிழித்துவிட்டேன். கோழிகளைப் பலமுறை தூக்கினேன். இந்தக் கரையிலேயே பக்கத்து ஊரான போபோடியின் ஜனங்கள் மரியாதைக்குக் கொடுத்தது என்று சொல்லி வீட்டில் கொடுப்பேன். ஜோசபின் தேங்காய் அரைத்துக் குழம்பு வைப்பாள். ஜம்புநாதன் சார், நீங்கள் சைவம். அதனால் உங்களுக்கு இதில் பங்கில்லை. நிர்வாகக் குழுவில் மாமிசம் சாப்பிடுகிற மற்ற உறுப்பினர்கள் எல்லாருக்கும் ஒரு கிண்ணம் போயிருக்கிறது. மிகவும் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

இரண்டு வருடம் கட்கி போல ஒழுங்கான ஊர் இந்தப் பக்கத்தில் இல்லை. அடிதடி இல்லை, குடி இல்லை. கூட்டத்தில் கேள்வி கேட்பவர்களைப் பார்த்து, "உங்களுக்குத் தாபோடியில் சொந்தம் யாராவது உண்டா?" என்று அன்பாக விசாரிப்பேன். உட்கார்ந்துவிடுவார்கள். எனக்குச் சொந்தம் உண்டா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம் அந்த மழைக்காலம் வந்தது. ஆறு பெருகிக் கிணற்றில் கலந்தது. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் ஆரம்பித்தன. முதலில் முதியவர்கள், பிறகு குழந்தைகள்.

மழை விட்டிருந்த ஒரு நாள் பகலில், பாலத்துக் காவலிலிருந்து ஆள் ஓடிவந்தான். தாபோடிக்காரர்கள் பாலத்தின் நடுவில் நீலத் தண்ணீர் கேன்களை வைத்துவிட்டுத் தூரத்தில் நிற்கிறார்கள் என்றான். நான் போனேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் கையை வாயருகே குவித்துக்கொண்டு மராத்தியில் கத்திக்கொண்டிருந்தார். "ஒரு குடத்துக்கு ஒரு மூடி ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். உங்கள் பக்கம் காய்ச்சல் என்று கேள்விப்பட்டோம்."

ஆளைப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. அந்தத் திருநெல்வேலி மராத்தியை வேறு யாரும் பேச முடியாது. என் மச்சினன்.

மூடியைத் திறந்து முகர்ந்தேன். பழைய நாள் கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரின் வாசனை, நூறு மடங்காக. உப்புத் தண்ணீரில் சோலார் கரண்ட்டை விட்டால் கிருமிநாசினி கிடைக்கும் என்று அவர் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறார். செய்துவிட்டார். புத்திசாலி. அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

இப்போது ஒரு தலைவரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். இரண்டு வருடமாகக் கோழி திருடுகிறவர்கள், மூட்டை கிழிக்கிறவர்கள், திடீரென்று மருந்து கொடுக்கிறார்கள். இதை ஜனங்களிடம் எப்படி விளக்குவது? விளக்க முடியாத விஷயத்தை நடக்கவிடாமல் இருப்பதுதான் நிர்வாகம். இது விஷம் என்று அறிவித்தேன்.

நம்பாதவர்கள் இருந்தார்கள். ஆகவே எல்லார் முன்னாலும் விஞ்ஞானபூர்வமாகச் சோதனை செய்து காட்டினேன். ஒரு டப்பில் தண்ணீர், அதில் ஆற்றில் பிடித்த இரண்டு மீன். கேனிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றினேன். மீன்கள் துள்ளின, புரண்டன, மல்லாந்து மிதந்தன. ஒரு காலத்தில் நான் வீட்டில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்தவன். குளோரின் கலந்த சாதாரணக் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினாலே மீன் செத்துவிடும் என்று எனக்குத் தெரியும். கூட்டத்தில் இருந்தவர்கள் மீன் வளர்த்ததில்லை.

கேன்களைச் சாக்கடையில் கவிழ்க்கும் பொறுப்பைக் கந்தசாமியிடம் கொடுத்தேன். காரியத்தில் கவனமான மனிதர். கடைசிச் சொட்டு வரை குலுக்கிக் கொட்டினார். அதே வாரம் அவருடைய மகள் வைஷுவுக்குப் போக்கு ஆரம்பித்தது. ஏழு வயது. பிறந்ததிலிருந்து தமிழும் மராத்தியும் கலந்தே பேசுகிற குழந்தை. என்னை 'தலைவர் ஆஜோபா', அதாவது தலைவர் தாத்தா, என்று கூப்பிடும். தாபோடிக்காரர்கள் கிணற்றிலேயே விஷத்தைக் கலந்திருப்பார்கள் என்று கந்தசாமி சொன்னபோது நான் மறுக்கவில்லை. துக்கத்தில் இருப்பவர்களுடன் வாதம் செய்யக் கூடாது.

ஒரு கேனை மட்டும் என் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். ஆமாம் சார், இதை நீங்களாகக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். குடத்துக்கு ஒரு மூடி, அரை மணி நேரம். நானும் ஜோசபினும் அதைத்தான் குடித்தோம். தலைவர் படுத்துவிட்டால் ஊரை யார் பார்ப்பது. பதவியில் இருக்கிறவர்களுக்கு உடம்பு சொந்தமில்லை, அது பொதுச்சொத்து.

வைஷு இறந்த அன்று அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டி உடுத்திவிடப் போனவர்களில் ஜோசபினும் ஒருத்தி. மத்தியானம் திரும்பிவந்து முகம் கழுவக் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டாள். அங்கே அத்தனை நேரம் அந்த வீட்டில் இருந்த வெறும் கிணற்றுத் தண்ணீரில் கை வைத்திருந்தவளுக்கு, எங்கள் வீட்டுத் தண்ணீரின் வாசனை அப்போதுதான் மூக்கில் ஏறியிருக்கிறது. செம்பைக் கையில் பிடித்தபடியே வந்தாள்.

"இந்தத் தண்ணியில என்ன போட்டிருக்கீய?"

சொன்னேன். ஜோசபினிடம் நான் பெரிய பொய்கள் சொல்வதில்லை.

"இதத்தான விஷம்னு சொல்லிச் சாக்கடையில ஊத்தச் சொன்னீய?"

"நிர்வாக விஷயம் உனக்குப் புரியாது."

"இத யாரு செய்வான்னு எனக்குத் தெரியாதாக்கும். தம்பி நிக்டியில இல்ல. அங்கனதான் இருக்கான். இல்லியா?"

அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. கட்டிலுக்கடியிலிருந்த கேனை இழுத்து இடுப்பில் தூக்கிக்கொண்டாள். வாசலில் நின்று ஒன்று மட்டும் சொன்னாள். "அந்தப் பிள்ள கை கால் எல்லாம் குச்சி குச்சியா இருந்திச்சு. நான் போய் எல்லாத்துக்கும் ஊத்தப்போறேன். தடுக்கணும்னா இங்கயே என்னையச் சுட்டுப்போடுங்க."

யாராக இருந்தாலும் அங்கே தடுமாறியிருப்பார்கள். எனக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது. அவள் பின்னாலேயே போய், நிர்வாகக் குழு இரவுபகலாக உழைத்துக் கண்டுபிடித்த மருந்து இது, தலைவரின் மனைவியே வீடுவீடாகக் கொடுக்கிறார் என்று அறிவிக்கச் செய்தேன். ஜோசபின் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எழுதச் சொல்ல மாட்டேன். ஆனால் மறுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் விஷம் என்று பயந்து குழந்தைகளுக்குக் கொடுக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அன்று மாலை என்னிடம் சொன்னாள். "கேன் காலியாவறதுக்குள்ள பாலத்தத் தொறந்து தம்பிய வரச்சொல்லணும். இல்லன்னா கோயில்ல எந்திரிச்சு நின்னு எல்லாத்தையும் சொல்லிப்போடுவேன்." சரி, ஆள் அனுப்புகிறேன் என்றேன். அனுப்பவில்லை.

காய்ச்சல் குறைந்தது. குடத்துக்கு ஒரு மூடிதானே, ஒரு கேன் நிறைய வீடுகளுக்குப் போதுமானதாக இருந்தது. என் பெயர் ஓங்கியது. தெருவில் போனால் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். நிர்வாக மருந்து என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. வாழ்க்கையில் எனக்கு உண்மையாகவே சந்தோஷமான நாட்கள் அவை. இதையும் எழுதிக்கொள்ளலாம்.

அந்த நாட்களில்தான் ஒரு பகல் வேளையில் நான் பாலத்துக் காவலைப் பார்வையிடப் போனேன். கந்தசாமி மட்டும் இருந்தார். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மகளைப் புதைத்ததிலிருந்து அவர் வீட்டுக்குப் போவதில்லை, பாலத்திலேயேதான் இருந்தார். துப்பாக்கியை மடியிலிருந்து இறக்குவதில்லை. தாபோடியிலிருந்து ஓர் எறும்பு வந்தாலும் விட மாட்டேன் சார் என்பார்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மனிதர் தனியாக நடந்துவந்தார். ஒரு கையில் நீலக் கேன். இன்னொரு கையில் வெள்ளைத் துண்டு, அதை ஆட்டிக்கொண்டே வந்தார். இரண்டு வருடத்தில் நன்றாக இளைத்திருந்தார். பாலத்தின் நடுவைத் தாண்டியதும் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அத்தான், நாந்தான் வேதமணி. அக்கா எப்படி இருக்கா? முந்தி குடுத்தது தீந்திருக்கும்னுதான் இன்னொண்ணு கொண்டாந்தேன்."

அதுதான் சங்கடம். கேனைக் கொடுத்துவிட்டுப் போகிறவர் அல்ல என் மச்சினன். உட்கார்ந்து பேசுகிறவர். முன்பு கொடுத்தது என்ன, எப்படிச் செய்தது, எத்தனை கேன் என்று ஒவ்வொருவரிடமும் விளக்கியிருப்பார். வாத்தியார் அல்லவா. கட்கி முழுவதும் தெரிந்துவிடும். மருந்து யாருடையது என்பது மட்டுமில்லை. சாக்கடையில் போனது என்ன என்பதும் தெரிந்துவிடும். அதற்கு நான் எங்கே போவது?

கந்தசாமி துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டார். அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தார். "சார், அவரு உங்கள அத்தான்னு கூப்புடறாரு."

"நம் வீட்டு உறவுமுறை வரைக்கும் உளவு பார்த்திருக்கிறார்கள், பாருங்கள்," என்றேன்.

அது நல்ல பதில் என்று இப்போதும் நினைக்கிறேன்.

துப்பாக்கி வெடித்தது. கேன் உருண்டு, அதிலிருந்தது பாலம் முழுவதும் ஓடியது.

அன்று மாலை பார்க்கிங்கில் கூட்டம் போட்டு, தாபோடித் திருடர்களின் தலைவனைக் கந்தசாமி வீழ்த்திவிட்டார் என்று அறிவித்துச் சாமந்தி மாலை போட்டேன். எத்தனை கைதட்டல். வைஷுவின் அம்மா அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கந்தசாமி வாயைத் திறக்க முயன்றார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். வாழ்நாள் முழுவதும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு மாலை கிடைத்தது. நான் யாரையும் குறை சொல்லவில்லை.

ஜோசபின், யாரைச் சுட்டார்கள் என்று கேட்டாள். முகம் தெரியவில்லை என்றேன். தாபோடிக்காரர்களே உடலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். பின்னது உண்மை.

மீதிக் கதை ரியாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தனியாக வந்து பாலத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் நான்கு கேன். காவல்காரர்கள் கந்தசாமியைப் பார்த்தார்கள். அவர் துப்பாக்கியைத் தொடவே இல்லை. சேதி பரவி, பிரார்த்தனைக்குப் போனவர்களெல்லாம் பாலத்துக்கு வந்துவிட்டார்கள். நானும் போனேன். கலைந்துபோகச் சொன்னேன். ரியா கேன்களின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்துவைத்தாள். காற்று எங்கள் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது.

முதலில் ஏ பிளாக்கில் ஓர் அம்மாள், தன் குழந்தையை நிர்வாக மருந்து காப்பாற்றியது என்று என் கையை முத்தமிட்டவள், மூக்கை உறிஞ்சினாள். "ஹா தோச் வாஸ் ஆஹே," என்றாள். அதே வாசனைதான். பிறகு இன்னொருத்தி. பிறகு எல்லாரும் சாக்கடையில் கவிழ்த்ததை நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது, கூட்டம் மெல்ல என் பக்கம் திரும்பியது. ஜோசபின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ரியாவின் முகத்தைப் பிடித்துத் தூக்கி, "அப்பா எங்க?" என்று கேட்டாள். ரியா அதற்குச் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. இருவரும் அந்தப் பக்கமாக நடந்துபோனார்கள். ஜோசபின் இன்றுவரை திரும்பி வரவில்லை. அவளுக்கு என்னிடம் என்ன குறை என்று நேரில் கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன்.

இரண்டு ஊரும் இப்போது ஒன்றாகிவிட்டதாகக் கேள்வி. ஒரே கிணறு, ஒரே கமிட்டி. நல்லது. தண்ணீர் வரிசையில் அடிதடி ஆரம்பித்துவிட்டது என்றும் கேள்வி. அதுவும் எதிர்பார்த்ததுதான். உங்களுக்கும் ஒரு நாள் ஓர் அக்கரை தேவைப்படும். போபோடியை யோசித்துப் பாருங்கள். பக்கத்திலேயே இருக்கிறது.

சரி. கேள்விகள் முடிந்துவிட்டன என்கிறீர்கள். கந்தசாமி, தான்தான் சுட்டதாக உங்களிடம் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றும், நான் உத்தரவு கொடுத்தேனா இல்லையா என்பது மட்டும்தான் பாக்கி என்றும் சொல்கிறீர்கள். அவர் அழுதாராம். இனி வீட்டுக்குப் போக முகமில்லை, தண்டனையைக் கொடுத்துவிடுங்கள் என்றாராம். நீங்கள் என்ன முடிவு செய்யப்போகிறீர்கள் என்று தெரிகிறது. நான் சும்மா இருந்தால் எனக்கு லாபம்தான்.

ரியா என்னமோ கேட்க வேண்டும் என்கிறாளா. கேள், அம்மா. தமிழிலேயே கேள், மெதுவாகக் கேள்.

"மாமா, அப்பா லாஸ்ட்டா என்ன... என்ன சொன்னாங்க?"

ஒன்றும் சொல்லவில்லை, ரியா. கேட்டதால் சொல்கிறேன். ஜம்புநாதன் சார், நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஊரில் முடிவு எடுத்தவன் நான். கட்கியில் நடந்த ஒரே பெரிய காரியத்தின் பெயரை ஒரு வங்கிக் காவலாளி தூக்கிக்கொண்டு போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

கந்தசாமி சுடவில்லை. நான் உளவு என்று சொன்ன பிறகும் குறிபார்த்தபடியே நின்றார். குழந்தையைப் பறிகொடுத்தவர், இந்த ஊரிலேயே தாபோடியை அதிகமாக வெறுத்தவர், அவரால் முடியவில்லை. "அக்கா எப்படி இருக்கான்னு கேக்குறாரு சார்," என்றார். துப்பாக்கியைத் தாழ்த்தினார். நான் கையை நீட்டினேன். கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

நான் துப்பாக்கியை வாங்கியதும் உன் அப்பா நின்றார். அதுவரை ஆட்டிக்கொண்டிருந்த துண்டை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார். காவல்காரனிடமிருந்து அத்தான் துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டார், நம்மைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்திருப்பார். கேனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு வேகமாக நடந்துவந்தார்.

நானும் அதற்காகத்தான் வாங்கினேன் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.